ஒரு சோறு எப்போது பதம்?

கேரளத்து இடுக்கி மாவட்டச் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் கூலிப் பாடு எப்படி என்று அறியப் பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டுக்கும் போகக் காலம் போதாது. இருநூறு வீட்டில் விசாரித்துவிட்டு ஊர் முழுவதையும் பற்றி எழுதுவார்கள். இது எப்படிச் செல்லும்? அடுப்படியில் தினமும் செல்கிறதே, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று.

ஆனால் அந்தப் பழமொழி சோற்றுக்குத்தான், சாம்பாருக்கு அல்ல. கொதியில் எல்லா அரிசியும் உருண்டு புரள்வதால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். சாம்பாரில் பருப்பு அடியில் தங்கிவிடும். மேலாக மொண்டால் புளித்தண்ணீர்தான் வரும். ஊர் சாம்பார் சாதி.

பகல் 11 மணிக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கதவைத் தட்டினால் பாட்டியும் பேரக்குழந்தையும் இருப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் ஏலச்செடிக்குள் குனிந்திருப்பார்கள். சரி, சாயங்காலம் போகலாம். ஆனால் இன்னொரு கூட்டம் சாயங்காலமும் அகப்படாது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் போடி, தேவாரம் பக்கமிருந்து விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, பொழுது சாய இறங்கிவிடுகிற பெண்கள் அவர்கள். சாந்தன்பாறை வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை நியாயமாகச் சீட்டுக் குலுக்கினாலும் கரண்டி அடியைத் தொடாது. மாதத்தையும் பார்க்கவேண்டும். கல்லூரி விடுமுறை ஏப்ரல், மே. காய் எடுப்பு மும்முரம் அதற்கு வெகு மாதம் தள்ளி. அடுப்பு தணிந்திருக்கும்போது வந்து கொதியை அளந்தால் எப்படி?

கேள்வித்தாளின் முதல் வடிவம் முதல் தோசை மாதிரி, பிய்ந்துதான் வரும். நாலு வீட்டில் கேட்டுப் பார்த்துத் திருத்தவேண்டும். "உப்பு சரியாத்தானே இருக்கு?" என்று விருந்தாளியிடம் கேட்டால் யார் இல்லை என்பார்? மேஸ்திரி பக்கத்தில் நிற்க, "கூலி ஒழுங்கா வருதா?" என்பதும் அதே கேள்விதான். "போன வாரம் கடையில் என்ன வாங்கினீங்க, எவ்வளவு கடன் நின்னுச்சு?" என்று கேட்டால் விஷயம் வரும்.

கேள்வித்தாளோடு ஊருக்குள் போகும் இந்த வேலை நமக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி என்று பல ஊர்கள் 1918இல் புத்தகமாயின. அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அவ்வூர்களுக்குத் திரும்ப ஆள் அனுப்பினார்கள். அதன் பிறகும் பிறர் போனார்கள். அதே பானையைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் ஊர் மாறிய விதம் தெரிந்தது. ஒரு குறை: அந்நாளில் கல்லூரி எட்டியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். தம் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிந்த ஊரைத்தானே முதலில் எழுதியிருப்பார்கள்?

இடுக்கியில் ஒருவர் இதைத் தலைகீழாகச் செய்தார். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தலித் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ், தேயிலைத் தொழில் நொடித்தபோது அங்குள்ள குடும்பங்கள் பட்டதை உள்ளிருந்து எழுதினார்; அந்தப் புத்தகம் 2022இல் வெளிவந்தது. கரண்டியால் மொள்ளும் வேலையல்ல அது, அடுப்பருகிலேயே உட்கார்ந்திருப்பது. இருநூறு வீட்டுக் கணக்கு அதில் கிடைக்காது. எனக்கென்னவோ இரண்டும் வேண்டும் என்றுதான் படுகிறது.

சாந்தன்பாறைக்கு வரும் மாணவர்கள் முதல் நாள் எந்த வீட்டுக் கதவையும் தட்டவேண்டாம். மலைப்பாதையிலுள்ள போடிமெட்டில் நின்று ஏறி வரும் ஜீப்புகளை எண்ணட்டும். விடியுமுன்னே போய் நிற்கவேண்டும்.