ஒப்புமையும் தீர்ப்பும்

ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், கிளிநொச்சி நகருக்கு அப்பால் அறிவியல் நகரைக் காண்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் அங்கேதான் அமைந்துள்ளது. கணினிப் பொறியியலும் அங்குக் கற்பிக்கப்படுகின்றது. அக்கல்வி நடைபெறும் இடமெங்கும் ஆசிரியர்முன் ஒரு வினா எழுவதுண்டு: மாணவர் ஒப்படைத்த செய்நிரல் அவர் தாமே எழுதியதுதானா?

செய்நிரல் சரியாக இயங்குகின்றதா என்பதைச் சோதித்தல் எளிது. விடை தெரிந்த தரவுகளைக் கொடுத்துக் கணினியைக் கொண்டே அதனை அறியலாம். எழுதியவர் யார் என்பதே கடினமான வினா. பிறர் செய்நிரலைப் பார்த்தெழுதுவோர் மாறிகளின் பெயர்களை மாற்றுவர், குறிப்புரைகளை நீக்குவர், பகுதிகளை முன்பின்னாக அடுக்குவர். நூறு ஒப்படைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமாயின் 4,950 இணைகளைப் பார்த்தல் வேண்டும். மனிதக் கண்ணுக்கு இஃது இயலுமோ?

இதற்கெனவே மென்பொருள்கள் தோன்றின. அமெரிக்காவில் அலெக்ஸ் ஐக்கன் 1994 இல் ஆக்கிய ‘மொஸ்’ என்பதும், ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1996 இல் உருவான ‘ஜேபிளாக்’ என்பதும் அவற்றுட் பெயர்பெற்றவை. மொஸ் கையாளும் முறைக்கு ‘புடைத்தல்’ என்று பொருள்படும் பெயரையே அறிஞர் இட்டனர். நம் பெண்கள் சுளகிலே நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவதுபோல, இம்முறை முதலில் வெற்றிடங்களையும் மாறிகளின் பெயர் வேறுபாட்டையும் நீக்குகின்றது. எஞ்சியதைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண்களுட் சிலவற்றை மட்டும் கைரேகைபோலத் தெரிந்தெடுக்கின்றது. இரண்டு செய்நிரல்களின் ரேகைகள் பெரிதும் ஒத்திருப்பின், அவ்விணையை ஆசிரியருக்குச் சுட்டிக்காட்டுகின்றது.

ஆயினும், நேயர்களே, சுட்டுதல் வேறு; தீர்ப்பு வேறு. பத்து எண்களுட் பெரியதைக் காணும் செய்நிரலை எவர் எழுதினும் ஏறக்குறைய ஒன்றாகவே அமையும். ஆசிரியர் கொடுத்த மாதிரிப் பகுதியும் எல்லோரிடத்தும் காணப்படும். இருவருட் கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதையும் கருவி அறியாது. செயற்கை நுண்ணறிவு புதிதாக எழுதித் தருவதற்கோ ஒப்பிட மூலமே இராது. விழுக்காட்டை மட்டும் நம்பித் தண்டித்தால், குற்றமற்ற மாணவர் ஒருவரின் பட்டமும் நற்பெயரும் பாழாகக்கூடும்.

ஆதலின் கருவி காட்டிய இணையை ஆசிரியர் தாமே படித்தல் வேண்டும். பின்னர் மாணவரை அழைத்து, “இவ்வரி எதற்கு? இந்நிபந்தனையை மாற்றினால் என்ன நிகழும்?” என்று வினவுதல் வேண்டும். தாமே எழுதியவர் தடுமாறினும் வழியைக் கண்டு கூறுவர். இரவல் பெற்றவர் பெரும்பாலும் தம் செய்நிரலுக்கே அந்நியராய் நிற்பர். பதரைப் பிரிக்கச் சுளகு உதவும். நெல்லின் தரத்தை அறியக் கையில் எடுத்துப் பார்த்தலே முறை.