தலைப்பணியும் உட்பணியும்

பெருஞ்செயல் என்பது தனித்து நிற்கும் ஒன்றன்று. பல சிறுசெயல்கள் ஒன்றுகூடி அமைவதே அது. பாலம் அமைத்தலும் கட்டடம் எழுப்புதலும் விழா எடுத்தலும் இவ்வியல்பினவே. அச்சிறுசெயல்கள் யாவை, எது எதனுள் அடங்கும், எது எதற்கு முன் நிகழவேண்டும் என்பவற்றைத் தெளியாது தொடங்கிய பணி இடையில் தடைப்படும். பொருளும் காலமும் வீணாகும். இத்தெளிவைப் பெறுதற்கு இக்காலத்தார் பணி அட்டவணை மென்பொருளைக் கணிப்பொறியில் கையாளுகின்றனர்.

ஒன்றைப் பலவாகப் பகுத்து முறைப்படுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என 3 அதிகாரங்களை உடையது. ஒவ்வோர் அதிகாரமும் 9 இயல்களாகவும், ஒவ்வோர் இயலும் பல நூற்பாக்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. இலக்கண விதி இருப்பது நூற்பாவில். அதிகாரமும் இயலும் அவற்றைத் தொகுத்துக் காட்டும் பெயர்களே. மென்பொருளில் வரும் தலைப்பணியும் இத்தகையதே. உண்மையில் செய்யப்படுவன உட்பணிகள். அவற்றின் தொகுதிப் பெயரே தலைப்பணி.

ஒரு பள்ளிக்கு நூலகம் கட்டுவதாகக் கொள்வோம். அடித்தளம், சுவர், கூரை, மரவேலை, அலமாரி பொருத்துதல் என்னும் ஐந்தும் அதன் தலைப்பணிகள். இவற்றுள் கூரையை எடுத்துக்கொண்டால், முட்டும் பலகையும் அமைத்தல், கம்பி கட்டுதல், காங்கிரீட்டு இடுதல், நீர் தேக்கி இறுகச் செய்தல் என்பன அதன் உட்பணிகளாம். மென்பொருளில் கூரை என்று ஒரு வரியில் எழுதி, உட்பணிகளை அதன்கீழ் வரிசையாக எழுதிச் சற்றே வலப்புறம் நகர்த்தினால், அவை கூரையுள் அடங்கியனவாகக் கருவி அறிந்துகொள்ளும். கூரையின் எண் 3 ஆயின், உட்பணிகள் 3.1, 3.2 என எண் பெறும். உட்பணிகளுள் முதலில் தொடங்குவதன் நாளே தலைப்பணியின் தொடக்க நாள்; இறுதியில் முடிவதன் நாளே அதன் முடிவு நாள். இவற்றைக் கருவி தானே கணக்கிடும்.

பகுக்குங்கால் கருதவேண்டுவன இரண்டு. முதலாவது, உட்பணிகள் அனைத்தும் சேர்ந்து தலைப்பணி முழுவதும் ஆதல் வேண்டும். ஒன்றும் விடுபடலாகாது, ஒன்றே இருமுறை வரவும் ஆகாது. கூரைக்கு முட்டு அமைக்க 4 நாள், கம்பி கட்ட 3 நாள், காங்கிரீட்டு இட 1 நாள், நீர் தேக்கி இறுகச் செய்ய 14 நாள், ஆக 22 நாள் எனக் கொள்க. நீர் தேக்கும் நாள்களில் ஆள்கள் மிகுதியாக வேலை செய்வதில்லை. ஆதலால் அதனை ஒரு பணியாக எண்ணாது விடுதல் எளிது. விட்டால் 22 நாள் 8 நாளாகத் தோன்றும். அக்கணக்கை நம்பித் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு, அந்நாளுக்கு அஞ்சி முட்டுகளை முன்னரே அகற்றினால், கூரை வலிமை குன்றும். அதன்கீழ் அமர்ந்து படிக்கும் சிறுவர்க்கு ஊறு நேரவும் கூடும். இரண்டாவது, ஒருவர் பொறுப்பில் விடத்தக்கதாகவும், முடிந்ததா இல்லையா என ஐயமின்றிக் கூறத்தக்கதாகவும் உள்ள அளவில் பகுப்பை நிறுத்துதல் வேண்டும். அதற்கு மேலும் பகுத்தால் அட்டவணை எழுதுவதே பெரும்பணியாகிவிடும்.

அடக்கம் வேறு, முறை வேறு என்பதையும் மறத்தலாகாது. ஒன்று மற்றொன்றின் கீழ் எழுதப்பட்டிருப்பதனாலேயே அதற்குப் பின் நிகழவேண்டும் என்பதில்லை. அடித்தளத்துக்கு 15, சுவருக்கு 20, கூரைக்கு 22, மரவேலைக்கு 25, அலமாரி பொருத்த 3 எனக் கூட்டினால் 85 நாள் வரும். ஆனால் மரவேலை தச்சர் பட்டறையில் முதல் நாளே தொடங்கலாம். அது சுவர் எழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆகவே கட்டடம் 60 நாளில் முடியும். தச்சர் 10 நாள் தாழ்த்தாலும் முடிவு நாள் மாறாது. சுவர் ஒரு நாள் தாழ்த்தால் முழுப்பணியும் ஒரு நாள் தாழும். எப்பணி முடிந்த பின் எப்பணி தொடங்கும் என்பதைத் தனியே குறித்தாலன்றி, இவ்வேறுபாட்டைக் கருவி காட்டமாட்டாது.

இம்முறை நெறிப்பட்ட வரலாறும் அறியத்தக்கது. பணிகளைக் காலக்கோடுகளாக வரைந்து காட்டும் படத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட். அந்நாட்டுக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்கியபோது, எண்ணிறந்த பணிகளின் முன்பின் தொடர்பைக் கணக்கிடும் பெர்ட் முறையை 1958-இல் வகுத்தனர். 1962-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் வெளியிட்ட வழிகாட்டி நூல், முழுப்பணியைப் படிப்படியாகப் பகுக்கும் முறையை விளக்கியது. 1984-இல் மைக்ரோசாப்ட் பிராஜெக்ட் வெளிவந்தது. அத்தகைய மென்பொருள்களால், பெருநிறுவனங்கள் கையாண்ட இம்முறை சிறு அலுவலகங்களுக்கும் எட்டியது.

எனினும், கருவி கூட்டவும் கழிக்கவும் வல்லதேயன்றி, எழுதாது விட்ட பணியை நினைவூட்ட வல்லதன்று. அதனை அறிவோர் கொத்தனாரும் கம்பி கட்டுவோரும் தச்சருமே. ஆதலின், அட்டவணை எழுதப் புகுவோர் முதலில் அத்தொழிலாளரிடம் சென்று கேட்டறிதல் வேண்டும். அதன் பின்னரே கணிப்பொறியின் முன் அமர்தல் வேண்டும்.