உங்களுக்குத் தெரியுமா? குண்டுக்கு மூக்கைவிட அடிதான் முக்கியம்!

துப்பாக்கிக் குண்டின் முனை நசுங்கினால் குறி தவறும் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் ஃபிராங்க்ளின் மேன் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் இயந்திரம் செய்து விற்றவர் அவர், ஆர்வமெல்லாம் ரைபிள்மேல்! சுடுபவரின் தோளும் மூச்சும் குறுக்கிடாதபடி அசையாத கான்கிரீட் மேடையில் குழலைக் கிடத்தினார். குண்டு போகும் வழியில் காகிதத் திரைகளை நிறுத்தினார். பிறகு, வேண்டுமென்றே சிதைத்த குண்டுகளைச் சுட்டார். முனை கெட்டவை அவ்வளவாக விலகவில்லை. அடிப்பக்கம் கோணலானவையோ வெகுவாகச் சிதறின. குழல்வாயைத் தாண்டும் கணத்தில், பின்னாலிருந்து தள்ளும் வாயு கோணலான அடியில் ஒருபக்கமாகச் சீறி, குண்டைச் சாய்த்துவிடும். பல்லாண்டுச் சோதனைகள் 1909இல் நூலாக வந்தன.

இன்று போட்டிக்காரர்கள் பலர் தாங்களே மருந்து அளந்து நிரப்பிய தோட்டாக்களை 100 கஜத் தொலைவில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். மிக விலகி விழுந்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்தான் மதிப்பெண். அந்தத் தொலைவில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினாலே குண்டு சுமார் 26.6 மி.மீ. தள்ளிப் போகும். மூன்றே குண்டுகள் ஒட்டி விழுந்ததும் அந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதே தோட்டாவில் இன்னும் பத்து சுட்டால் வட்டம் எப்படியும் கொஞ்சம் விரியும். பர்ஸில் இருக்கும் காகிதம் மட்டும் மாறாது.