மரக்கறிப் பாரவூர்திகளும் மின்னணுக் கண்காணிப்பும்

லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய பகுதிகளில் விளையும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியன நுவரெலியா, தம்புள்ளை, பேலியகொடை ஆகிய இடங்களிலுள்ள சந்தைகளைப் பாரவூர்திகள் மூலமாகவே அடைகின்றன. எத்துணைப் பாடுபட்டு விளைவித்த மரக்கறியாயினும், வழியில் ஒரு பகல் வெயிலில் நின்றுவிட்டால் அதனை நல்ல விலைக்கு வாங்குவார் இலர். ஆதலால் பாரவூர்தி பற்றிய சட்டதிட்டங்கள் சாரதிக்கும் பொலிஸாருக்கும் உரிய விடயம் எனக் கமக்காரர் ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. இச்சட்டங்கள் இக்காலத்தில் பல நாடுகளில் மின்னணுக் கருவிகளின் துணையோடு நடைமுறைப்படுத்தப்படுகின்றன. அக்கருவிகள் இயங்கும் முறையும், அவற்றால் கமக்காரருக்கு உண்டாகும் நன்மை தீமைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

பாரத்திற்கு எல்லை விதிப்பது ஏன்?

2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆந் திகதி நானுஓயாவை அடுத்த ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் வண்டியொன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அவ்வீதியில் கனரக வாகனங்கள் செல்லுதல் தடைசெய்யப்பட்டது. செங்குத்தான இறக்கங்களில் வாகனத்தின் எடை முழுவதையும் தடுப்புக் கருவிகளே தாங்க வேண்டியுள்ளது. எடை கூடுந்தோறும் அவற்றில் உண்டாகும் வெப்பமும் கூடும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய தடுப்பு, சாரதி எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பிடிக்காது. 7 தொன் எடைக்கென அமைக்கப்பட்ட வாகனத்தில் 10 தொன் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவது எத்தகைய துணிவு என்பதைக் கமக்காரர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

வீதிக்கு உண்டாகும் சேதமும் சிறிதன்று. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை தனியாக வீதிகள் அமைத்து, அவற்றின்மீது பாரவூர்திகளை இடைவிடாது ஓட்டிப் பரிசோதனை நடத்தப்பட்டது. அச்சு ஒன்றின்மீது விழும் பாரம் கூடும்போது வீதியின் தேய்வு ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கின்படி கூடுகின்றது என்பது அதிற் கண்ட முடிவாகும். அதாவது, பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் தேய்வு இரு மடங்காகின்றது. பாரம் ஒன்றரை மடங்கானால் தேய்வு ஐந்து மடங்காகின்றது. குழி விழுந்த வீதியில் அடுத்த போகத்து மரக்கறியும் நசுங்கியே சந்தைக்குச் செல்லும். மேல் மூட்டையின் சுமையால் அடி மூட்டை நசுங்குவது வேறு.

ஓடும் வண்டியை நிறுத்தல்

முன்னாளில் பாரவூர்தியைத் தராசு மேடையில் ஏற்றி நிறுத்தியே எடை பார்த்தனர். வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கவேண்டி இருந்தமையால், அழுகும் பொருள் கொண்டுசெல்வோருக்கு அது பெருந் துன்பமாயிருந்தது. இப்பொழுது வீதியின் மேற்பரப்பிலேயே உணரிகள் பதிக்கப்படுகின்றன. சக்கரம் அவற்றின்மீது ஏறும்போது உண்டாகும் அழுத்தம் மின்குறியாக மாறுகின்றது; ஒவ்வோர் அச்சின் பாரமும் தனித்தனியே கணிக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றது. அதே நேரத்தில் ஒரு கமரா வாகன இலக்கத்தைப் படித்துப் பதிவேட்டிலுள்ள எல்லையோடு ஒப்பிடுகின்றது. இந்தியாவின் சுங்கச் சாவடிகள் பலவற்றில் இவ்வகைத் தராசுகள் அமைக்கப்பட்டுள்ளன.

எனினும் இக்கருவி பிழை செய்யாத தெய்வம் அன்று. ஓடும் வண்டி மேலுங் கீழும் குலுங்குவதால் அதன் அளவில் ஏற்றத்தாழ்வு உண்டாகும். சாய்வான இடத்திற் பாரம் ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்கு நகர்ந்துவிடும். ஆகையால் நேரான, சமதளமான வீதியே இதற்கு ஏற்றது. நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரையுள்ள வளைவு நெளிவுகளில் இத்தகைய இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொதுவாக ஓடும் வண்டியை நிறுக்கும் தராசு, ஐயத்திற்குரிய வண்டிகளைப் பிரித்தெடுக்கவே பயன்படுகின்றது. குற்றஞ் சாட்டுமுன் நிலையான தராசில் மீண்டும் நிறுக்கப்படுகின்றது. எல்லைக்குள் ஏற்றிய வண்டி நிற்காமலே செல்லக்கூடும் என்பதே இம்முறையில் மரக்கறிக் கமக்காரருக்குள்ள பெரும் நன்மை.

எரிபொருட் குறியீடு கற்பித்த பாடம்

மின்னணுக் கட்டுப்பாடு மலைநாட்டுக்குப் புதியதன்று. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது, யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமாயிற்று. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூ.ஆர். குறியீடு வழங்கப்பட்டது. நிரப்பு நிலையத்தில் அக்குறியீட்டைக் கைத்தொலைபேசியாற் படித்தவுடன் அவ்வாரத்தில் எஞ்சியுள்ள லீற்றர் அளவு தெரிந்தது. 2023 செப்டெம்பரில் இம்முறை நிறுத்தப்பட்டது. ஒரே வண்டி பல நிலையங்களிற் சென்று நிரப்புவதை இது தடுத்தது. மைல் கணக்கில் நீண்ட வரிசைகளும் குறைந்தன. இதனை மறுத்தல் ஆகாது.

ஆயினும் தொடக்கத்தில் பாரவூர்தியொன்றுக்கு வாரத்துக்கு 50 லீற்றரே விதிக்கப்பட்டது. நுவரெலியாவிலிருந்து கண்டி வழியாகத் தம்புள்ளைக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். போய் வருவதற்கு 300 கிலோமீற்றர். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் எனக் கொண்டால் 60 லீற்றர் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையேனும் முழுமையாகச் சென்று திரும்ப அவ்வளவு போதாது. மரக்கறி ஏற்றும் வண்டிக்கும் மணல் ஏற்றும் வண்டிக்கும் பாரவூர்தி என்ற ஒரே பெயர்தான் அந்தப் பட்டியலில் இருந்தது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. விதி வகுத்தோர் அறுவடையை நினைவிற் கொள்ளாததே குறை.

பிற நாடுகள் செய்த விலக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 மே மாதம் முதல் புதிய கனரகப் பாரவூர்திகளில் மின்னணு டக்கோகிராப் கருவி பொருத்தப்படுகின்றது. சாரதி தம் அட்டையைச் செருகியதும், அவர் ஓட்டிய நேரமும் ஓய்ந்த நேரமும் பதிவாகின்றன. நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்பது பொது எல்லை. ஐக்கிய அமெரிக்கா 2017 டிசம்பரில் இதையொத்த கருவியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் விளைபொருள் ஏற்றிய இடத்திலிருந்து ஏறத்தாழ 278 கிலோமீற்றர் சுற்றளவுக்குள், அறுவடைக் காலத்தில், ஓட்டும் நேர எல்லை கணக்கில் எடுக்கப்படுவதில்லை. விளைபொருள் காத்திராது என்பதை உணர்ந்து செய்த விலக்கு இது. தூக்கக் கலக்கமும் விளைபொருளுக்காகக் காத்திராது என்பதை மட்டும் சாரதிகள் மறத்தலாகாது.

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல், 50,000 ரூபாவுக்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல ஈ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டு வேண்டும். சரக்கு, வாகன இலக்கம், செல்லும் இடம் ஆகியன அதில் அடங்கும். 2021 தொடக்கத்திலிருந்து வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் பட்டையைச் சுங்கச் சாவடியிற் படித்து, அவ்வண்டிக்குச் சீட்டு உண்டா என அதிகாரிகள் பார்க்க முடிகின்றது. புதிய மரக்கறிகளுக்கு இச்சீட்டுத் தேவையில்லை. ஆனால் சீட்டிலிருந்து விலக்குப் பெற்றது எடை எல்லையிலிருந்து விலக்குப் பெற்றதாகாது.

இலங்கையில் 2025 இல் போக்குவரத்துத் தண்டப்பணத்தைக் கவ்பே முறையில் வீதியிலேயே செலுத்தும் வசதி ஆரம்பிக்கப்பட்டது. தபாலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலைந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறும் வரை மூட்டைகள் வீதியோரத்தில் வாடிய நிலை இதனாற் குறையும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

மூட்டைகளை எண்ணி எடையை ஊகித்தல் பெரும் பிழைக்கு இடந்தரும். கழுவிய கரட்டிலும் மழையில் நனைந்த லீக்ஸிலும் நீர் தங்கியிருக்கும். நீர் வடிந்த பின்னரே நிறுத்து ஏற்றுதல் வேண்டும். நெற்செய்கையாளர் நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து ஏற்றினால், நீருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. வண்டியின் வெற்றெடையையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையும் சாரதியிடம் கேட்டறிந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஏற்றத்தக்க பாரம் தெரியும்.

இங்கு சிறு கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பகுதியில் ஒரே பாரவூர்தி பல தோட்டங்களில் நின்று மூட்டைகளைச் சேர்க்கின்றது. எடை மிகுந்ததெனக் கண்டு மேலதிகப் பாரத்தை இறக்கும்படி பணித்தால், முதலில் இறங்குவன கடைசியாக ஏற்றப்பட்ட மூட்டைகளே. பத்துப் பதினைந்து மூட்டை மட்டும் கொண்டு வீதியோரத்தில் வண்டியை எதிர்நோக்கி நிற்கும் சிறு கமக்காரருடையவை பெரும்பாலும் அவையாகவே இருக்கும். மிகை ஏற்றியவர் வேறொருவர், இழப்போ இவருக்கு. ஆதலால் ஒவ்வொரு மூட்டையிலும் பெயர்க் குறி இட்டு, எடை, ஏற்றிய நேரம், வண்டி இலக்கம் ஆகியவற்றை எழுதிச் சாரதியின் கையொப்பத்துடன் துண்டொன்றை வைத்திருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் அத்துண்டைப் படமெடுத்து வைத்தல் இன்னும் நன்று. ஓடும் தராசு காட்டிய எடையில் ஐயம் இருப்பின், மூட்டைகளை இறக்குமுன் நிலையான தராசில் மீண்டும் நிறுக்கும்படி சாரதி மூலம் கேட்டல் வேண்டும். இறக்கிய பின்னர் கேட்பதிற் பயனில்லை.