நாரைக்கு வீடு, மீனுக்கு நஞ்சு! நீர்க்கடம்பைத் தெரியுமா?

உத்திரமேரூரிலிருந்து தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். அங்கே போகிறவர்கள் எல்லாரும் பறவையைத்தான் பார்க்கிறார்கள். அது உட்கார்ந்திருக்கும் மரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஏரித் தண்ணீரில் மாதக்கணக்கில் மூழ்கி நின்றாலும் அழுகாத குட்டை மரம் அது! பெயர் நீர்க்கடம்பு. (பந்து பந்தாகப் பூக்கும் வெண்கடம்பு வேறு, இது வேறு.)

இது பூப்பது ராத்திரியில், தெரியுமா? கிளையிலிருந்து முழ நீளத்துக்குச் சரம் சரமாக மொட்டுகள் தொங்கும். இருட்டியதும் ஒவ்வொன்றும் அவிழ்ந்து, சிவப்பு மகரந்தத் தாள்கள் நூல் நூலாக விரியும். காலையில் வந்து பார்த்தால் பெரும்பாலும் உதிர்ந்து கிடக்கும். அடியில் தண்ணீர் இருந்தால் தண்ணீரே சிவப்பு!

சிவன் கோயில் நாகலிங்க மரம் இதற்குப் பங்காளி என்றால் நம்புவீர்களா? இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். நீர்க்கடம்பு நம்மூரோடு நிற்கவில்லை. வியட்நாமின் ஹனோயில் ஏரிக்கரையை அலங்கரிக்கிறது, வட ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டலக் கடலோர ஆற்றங்கரைகளில் தானாகவே வளர்கிறது.

இன்னொரு வேடிக்கை! பட்டையில் சப்போனின் என்ற நச்சு உண்டு. அதை இடித்துக் குட்டையில் கரைத்தால் மீன் செவுள் பாதிக்கப்பட்டு, மயங்கி மிதக்கும். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் அப்படித்தான் மீன் பிடித்தார்கள். ஆனால் வேடந்தாங்கலில் அதே மரத்தின் கிளையில்தான் மீன் தின்னும் நீர்க்காகமும் கூழைக்கடாவும், நத்தை தின்னும் நத்தைக்குத்தி நாரையும் குடித்தனம் நடத்துகின்றன!

அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்த உரத்தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் உரத்தை விடுவார்களா நம்மவர்கள்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு கொடுத்தார். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலங்கள் ஆயின.

ஏரியைப் பார்த்துக்கொள்வது இந்தப் பக்கத்தில் பழைய பழக்கம்தான். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919, 921) குடத்தில் ஓலையிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையைச் சொல்லும்போதே, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தையும் சொல்கிறது. குடவோலை எல்லாருக்கும் தெரியும். ஏரி வாரியத்தை மறந்துவிட்டோம்.

அடுத்த முறை வேடந்தாங்கல் போனால், பைனாகுலரைக் கொஞ்சம் இறக்கி மரத்தையும் பாருங்கள். பூக்கும் பருவமென்றால் விடிகாலையிலேயே போய்விடுங்கள்.