முத்திரையைப் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் மம்பாவில் என் வீட்டைத் தேடி வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "மிஸ்ஸி, மகளைத் தாதி படிப்புக்கு அனுப்பலாமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். தாராளமாக அனுப்பலாம் என்றுதான் சொல்வேன். ஆனால், அடுத்து நான் கேட்கும் கேள்விக்குப் பலரிடம் பதில் இருப்பதில்லை. "படித்து முடித்ததும் சான்றிதழ் கொடுப்பது யார்?"

இந்தக் கேள்வியை நான் வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த தாய் ஒருவர், கைத்தொலைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி, மகளை ஆறு மாத 'தாதி உதவியாளர்' பயிற்சியில் சேர்த்தார். சேமநிதியிலிருந்து எடுத்த பணம் அதற்குத்தான் போனது. வெள்ளைச் சீருடையும் பட்டமளிப்புப் படமும் கிடைத்தன. ஆனால் நேர்முகத் தேர்வில், தாதியர் வாரியப் பதிவு எண்ணைக் கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்று அவள் ஒரு முதியோர் இல்லத்தில் நன்றாகவே வேலை செய்கிறாள். ஆனால் அந்தத் தாய் பணம் கட்டியது மகள் 'மிஸ்ஸி' ஆவாள் என்று நம்பி.

சீருடை ஒன்று, தகுதி வேறு

வெள்ளைச் சீருடை அணிந்த எல்லாரும் நமக்கு மிஸ்ஸிதான். சட்டத்துக்கு அப்படி இல்லை.

பதிவு பெற்ற தாதி என்பவர் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின்கீழ் வருகிறவர். மூன்று ஆண்டு டிப்ளோமா படித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். தொழில் நடத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். எஸ்.பி.எம்.மில் போதிய கிரெடிட் எடுத்தவர்களுக்கு இதுவே நேர் வழி. கல்லூரிக்குத் தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்தவர், அரசாங்க மருத்துவமனைகளில் 'பெம்பந்து பெராவாத்தான் கெசிஹாத்தான்' என்று அழைக்கப்படும் பராமரிப்பு உதவியாளர். முன்பு 'அட்டெண்டன்' என்றோமே, அதே வேலைதான். இதற்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைக் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும். தனியாரிடம் பணம் கட்டிப் படித்தால்தான் இந்த வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாமவர், முதியோர் இல்லத்திலும் வீடுகளிலும் வேலை செய்யும் பராமரிப்பாளர். இவருக்கு உரியது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். இதை வழங்குவது மனிதவள அமைச்சின்கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி இதில் ஐந்து நிலைகள் உண்டு. மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்கும் ஐந்தும் டிப்ளோமா. எஸ்.பி.எம்.மில் சறுக்கியவர்களும் முதல் நிலையிலிருந்து ஏறி வரலாம். ஜே.பி.கே. அங்கீகரித்த மையத்தில் சேர்ந்தால் பி.டி.பி.கே. கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆறு மாதப் பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. அது தாதியர் வாரியப் பதிவேட்டுக்குக் கொண்டு போகாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பராமரிப்பு வேலையைச் சிலர் குளிப்பாட்டித் துடைக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். தலையைத் தூக்கி வைக்காமல் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குப் போகலாம். நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றத் தெரியாதவர் அவரையும் கீழே போடுவார், தன் இடுப்பையும் கெடுத்துக்கொள்வார். காய்ச்சல், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் பார்த்து எழுதி, மாற்றம் தெரிந்தால் உடனே தாதியிடம் சொல்லத் தெரிய வேண்டும். ஊசி போடுவது, மருந்தின் அளவைத் தானே மாற்றுவது போன்றவற்றில் கை வைக்கக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் அடங்கும்.

இவையெல்லாம் கை பழகி வர வேண்டியவை. அமெரிக்காவில் முதியோர் மருத்துவ இல்லங்களில் தாதி உதவியாளராக வேலை செய்ய, 1987இல் வந்த சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறையாக இருக்க வேண்டும். தேர்வில் தேறியவரின் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். நம் ஊரில் ஒரு மையம் கட்டிலையும் நோயாளியையும் காட்டாமல், வெறும் வகுப்பறையில் உட்கார வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரெசர் காலத்துப் பாடம்

நான் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே டாக்டர் எப்போதாவதுதான் வந்து போவார். காய்ச்சலோ, பால் வெட்டும் கத்தி பட்ட காயமோ, ஓடுவது டிரெசரிடம்தான். 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. டிரெசர்களுக்கென ஒரு வாரியமும் பதிவேடும் ஏற்பட்டன. மறு ஆண்டு வந்த மருத்துவச்சிகள் சட்டம், முறையாகப் படிக்காமல் அனுபவத்தில் பிரசவம் பார்த்தவர்களுக்கும் பதிவேட்டில் இடம் கொடுத்தது. ஆனால் விடிவதற்கு முன்பே பிள்ளைகளை வாங்கி வைத்து வளர்த்த ஆயாக் கொட்டகைப் பெண்களின் கையில் யாரும் ஒரு காகிதத்தைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இந்தக் காலத்தில், அந்தப் பெண்களின் மகள்கள் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள். 2021இல் நம் நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டை எட்டினார்கள். இனி இந்த வேலைக்குத் தேவை கூடத்தான் போகிறது. சான்றிதழ் இல்லாதவர் சம்பளம் பேசும்போது வாயடைத்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் பெண்கள் மீண்டும் வகுப்புக்குப் போகாமலே எஸ்.கே.எம். பெற ஒரு வழி உண்டு. முன்னனுபவ அங்கீகாரம், சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். செய்து வந்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்து, முதலாளியின் உறுதிமொழியோடு கொடுத்தால், ஜே.பி.கே. நியமித்த மதிப்பீட்டாளர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிக்குப் போன சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

பெற்றோர் நான்கு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும்? அந்த அங்கீகாரம் இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா? செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை நாள்? பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் கேளுங்கள். பிறகு நீங்களே ஜே.பி.கே.யிடமோ தாதியர் வாரியத்திடமோ விசாரியுங்கள்.

"இன்றைக்கே கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தினால், பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். விசாரித்து முடித்த பிறகும் அந்த இடம் நல்ல இடம்தான் என்று தெரிந்தால், மறுநாள் போய்க் கட்டிக்கொள்ளலாம்.