கடல் கடந்த குடும்பமும் நன்னடத்தைச் சான்றும்

நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் சிலர் இன்று ஆஸ்திரேலியாவின் பெர்த், மெல்பர்ன் முதலிய நகரங்களில் குடியேறியுள்ளனர். அவர்களை மணந்தவர்கள் அங்குச் சென்று சேர விண்ணப்பிக்கையில், கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுகின்றனரேயன்றி நன்னடத்தைச் சோதனையைப் பொருட்படுத்துவதில்லை. வீண் அச்சமும் விபரீத முடிவுகளும் தோன்றும் இடம் அதுவேயாதலின், அதனைச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

முதலில் தகுதியைக் காண்போம். துணையை அழைத்துக்கொள்பவர் ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ, நிரந்தரவாசியாகவோ, அந்நாட்டுச் சட்டம் ஏற்கும் நியூசிலாந்துக் குடிமகனாகவோ இருத்தல் வேண்டும். தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்கு இவ்வழி திறந்திருக்கவில்லை. தம் விசாவிலேயே துணையைச் சேர்க்க இடமுண்டா என்று அவர் விசாரிக்க வேண்டும். மலேசியாவில் இருந்துகொண்டு விண்ணப்பிப்போர்க்குரியது 309 ஆம் பிரிவுத் தற்காலிக விசா. விண்ணப்பித்து ஈராண்டு கழிந்தபின், உறவு நீடிக்கின்றதா என ஆராய்ந்து 100 ஆம் பிரிவு நிரந்தர விசா வழங்கப்படும்.

கோயிலில் தாலி கட்டியதற்கு ஊரே சாட்சி என்று இருந்துவிடலாகாது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்குரிய 1976 ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி தேசியப் பதிவு இலாகாவில் பெற்ற திருமணச் சான்றிதழே அதிகாரிகளின் கண்ணில் முதன்மையான ஆதாரம்.

இனி நன்னடத்தைக்கு வருவோம். விண்ணப்பதாரர் பதினாறு வயது நிறைந்தபின், கடந்த பத்தாண்டுகளில் மொத்தம் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று தேவை. மலேசியாவுக்குரியது, ‘சிஜில் கெலாக்குவான் பாயிக்’ எனப்படும் நன்னடத்தைச் சான்றிதழ். பலர் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் போய் நிற்கின்றனர். அதனை வழங்குவது வெளியுறவு அமைச்சு; விண்ணப்பம் இணையம் வழியாகவே. சிங்கப்பூரில் ஓரிரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்கள் அந்நாட்டுப் போலீசாரின் சான்றையும் பெற வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இளமையில் திருவிழாக் கைகலப்பில் சிக்கி, நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய ஒருவர் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் 1958 ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 501 ஆம் பிரிவு, பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரை நன்னடத்தைச் சோதனையில் தேறாதவராகக் கருதுகிறது. பல தண்டனைகள் சேர்ந்து பன்னிரண்டு மாதமாயினும் அவ்வாறே. சிறையில் எத்தனை நாள் கழித்தார் என்பதன்று, நீதிமன்றம் எவ்வளவு விதித்தது என்பதே கணக்கு. ஆகவே, பழைய அபராதம் ஒன்று மட்டும் இருப்பவர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சோதனையில் தேறாதவரையும் அதிகாரி மறுத்தே தீர வேண்டும் என்பதில்லை. குற்றத்தின் தன்மை, கடந்துபோன காலம், அங்குள்ள குடும்பம், குழந்தைகளின் நலன் ஆகியவை எடைபோடப்படும்.

ஆனால் மறைத்தால் நிலைமை வேறு. பொய்த் தகவலோ போலிப் பத்திரமோ கொடுத்ததாகத் தெரிந்தால் விசா மறுக்கப்படுவதுடன், மூன்றாண்டுக்கு வேறு பல விசாக்களும் கிட்டாமற் போகலாம். அடையாளத்தையே பொய்யாகக் காட்டியிருந்தால் பத்தாண்டு. அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய பழங்கதை, கணவன் மனைவியை ஆண்டுக்கணக்கில் பிரித்துவைக்கும் அவலம் இப்படித்தான் நேர்கிறது. “எழுதாமல் விட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று முகவர் கூறினால், பாரத்தில் இருப்பது அவருடைய பெயரன்று, நம்முடையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் நிரப்பிய பொய்க்கும் விண்ணப்பதாரரே பொறுப்பாளி. நீதிமன்றத் தீர்ப்பின் நகலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதே தக்க வழி.

பெண்ணைப் பெற்றவர்கள் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். 2016 நவம்பர் முதல், அழைத்துக்கொள்பவரும் போலீஸ் சோதனைக்கு உட்பட வேண்டும். வன்முறை முதலிய குறிப்பிட்ட குற்றங்களில் அவர் தண்டனை பெற்றிருப்பின் அதனை விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க அவருடைய இசைவு கேட்கப்படும். இசைய மறுத்தால் அவருடைய பொறுப்புறுதி ஏற்கப்படாது. மாப்பிள்ளையிடம் நேரில் கேட்கக் கூசும் கேள்வியைச் சட்டமே கேட்டுவிடுகிறது.

தோட்டத்து மக்களுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. அக்காலத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவகையாகவும், அடையாள அட்டையில் வேறுவகையாகவும் இருக்கும். கடப்பிதழ் எடுக்கும் முன்பே பதிவு இலாகாவில் திருத்தம் கோருவது நன்று. இயலாதபோது, சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழிப் பத்திரம் செய்து, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் எனக் காட்டலாம்.

போலீஸ் சான்று பொதுவாகப் பன்னிரண்டு மாதமே செல்லும். ஆய்வு நீண்டால் புதிய சான்று கேட்கப்படக்கூடும். விசா கைக்கு வருமுன் வேலையை விடுதலும், விமானச் சீட்டு வாங்குதலும், வீட்டுச் சாமான்களை விற்றுவிடுதலும் வேண்டா.